கரும்புள்ளி மண்ணும் மஞ்சள் நீரும்

கிணற்றங்கரையில் இரண்டடி ஆழத்திலிருந்து எடுத்த ஈரமண் கட்டியை உள்ளங்கையில் வைத்து உடைத்துப் பார்த்தால், செம்பழுப்பு நிறத்துக்கு நடுவே மிளகை நொறுக்கித் தூவியதுபோல் கரும்புள்ளிகள் தெரியும். சில கட்டிகளில் அவை புள்ளிகளாக இல்லாமல், வேர் ஓடிய பழைய துளைகளின் சுவரில் மை தடவியதுபோல் படிந்திருக்கும். அதன்மேல் ஒரு சொட்டு ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டால் உடனே நுரைத்துப் பொங்கும். அது மாங்கனீசு ஆக்சைடு என்பதற்கு அந்த நுரையே போதுமான அடையாளம். எங்கள் தலைமுறைப் பிள்ளைகளுக்கு இந்தப் பொருள் வேறொரு வடிவில் பழக்கமானதுதான். தீர்ந்துபோன டார்ச் பேட்டரியை உடைத்தால் கார்பன் தண்டைச் சுற்றி இறுகியிருக்கும் கரும்பொடியின் பெரும்பகுதி மாங்கனீசு டைஆக்சைடு. அதை ஊமத்தை இலையோடு அரைத்துப் பள்ளிக் கரும்பலகைக்குப் பூசியிருக்கிறோம். பேட்டரிக்குள் அந்தப் பொடி செய்யும் வேலை எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்வது. மண்ணுக்குள்ளும் அது அதே வேலையைச் செய்கிறது என்பதும், அங்கே அது குரோமியத்திடமிருந்து எலக்ட்ரான்களை வாங்கினால் என்ன நேரும் என்பதும், முப்பது ஆண்டுகள் மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் கற்பித்த எனக்கே மிகவும் பிந்தித்தான் புரிந்தது.

புரிய வைத்தது ஒரு கேள்வி. பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் ஊர்கள் வரிசையாக அமைந்த பகுதியில் என் தாய்மாமனுக்கு ஒன்றரை ஏக்கர் நிலம் இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன், சுத்திகரிப்பு நிலையத்துச் சகதியை எரு என்று சொல்லி யாரோ இரண்டு டிராக்டர் கொட்டிவிட்டுப் போயிருந்தார்கள். அதைப் பரிசோதித்த ஆய்வகம் ஒன்று, "குரோமியம் இருக்கிறது, ஆனால் அது மூவிணைதிறன் வகை, ஆபத்தில்லை" என்று ஒற்றை வரியில் அறிக்கை கொடுத்திருந்தது. மாமா அந்தத் தாளை என்னிடம் நீட்டி, "ஏம்பா மாப்ளே, இன்னிக்கி ஆபத்து இல்லன்றான். நாளைக்கும் அது அப்படியே இருக்குமா? மண்ணுல போட்டது எதுப்பா போட்டபடியே கெடக்குது?" என்று கேட்டார். நான் பாடநூலில் படித்ததை வைத்து, அது அப்படியேதான் இருக்கும் என்று உறுதியாகச் சொன்னேன். அந்தப் பதில் தவறு. வாழ்நாள் முழுவதும் மண்ணைக் கையாண்ட ஒருவர் சரியாகக் கேட்ட கேள்விக்கு, மண்ணைக் குடுவையாக நினைத்த ஒருவன் சொன்ன பதில் அது. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அந்தக் கடன்தான்.

குரோமியம் இயற்கையில் பெரும்பாலும் இரண்டு நிலைகளில் இருக்கிறது. மூன்று எலக்ட்ரான்களை இழந்தது மூவிணைதிறன் குரோமியம். ஆறு எலக்ட்ரான்களை இழந்தது அறுவிணைதிறன் குரோமியம். எழுத எளிதாக முறையே குரோமியம்-3, குரோமியம்-6 என்று குறிக்கிறேன். மாணிக்கத்தின் சிவப்பும் மரகதத்தின் பச்சையும் குரோமியம்-3 தரும் நிறங்கள். ஆய்வகத்தில் ஆரஞ்சு நிறத்தில் மின்னும் பொட்டாசியம் டைகுரோமேட்டும், 1797ஆம் ஆண்டு பிரெஞ்சு வேதியியலாளர் வாக்கலான் இந்தத் தனிமத்தைக் கண்டறிய உதவிய சைபீரியச் செவ்வீயத் தாதுவும் குரோமியம்-6. நிறத்தில் மட்டுமல்லாமல் நடத்தையிலும் இரண்டும் எதிரெதிரானவை. குரோமியம்-3 நேர்மின் அயனி. களிமண்ணின் எதிர்மின் பரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும், சிறிது காரம் இருந்தாலும் ஹைட்ராக்சைடாக வீழ்படிந்துவிடும், ஆகவே போட்ட இடத்தைவிட்டு எளிதில் நகராது. குரோமியம்-6 ஆக்சிஜனோடு சேர்ந்து குரோமேட் என்ற எதிர்மின் அயனியாக நீரில் கரைந்து நிற்பதால், அதே களிமண் அதைத் தள்ளிவிடுகிறது. அது நிலத்தடி நீரோடு சேர்ந்து கிணறு கிணறாக நடந்துபோகிறது. உயிரணுவுக்கும் அதை அடையாளம் தெரிவதில்லை. குரோமேட்டின் வடிவம் சல்பேட்டை ஒத்திருப்பதால், சல்பேட் நுழையும் வாயில் வழியாகவே அது உள்ளே போய், அங்கே எலக்ட்ரான்களைப் பறித்து மரபணுவைச் சிதைக்கிறது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் தொகுதியில் வைத்திருக்கிறது. குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது இந்தியத் தரநிலை.

பாலாற்றுப் பகுதியின் துயரத்தில் இந்த இரண்டு வகைக் குரோமியமும் கலந்திருக்கின்றன; அவற்றைப் பிரித்துப் பார்க்காமல் பேசுவதே பல குழப்பங்களுக்குக் காரணம். ஒரு காலத்தில் இங்கே ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான் தோலைப் பதப்படுத்தின. குழிகளில் வாரக்கணக்கில் ஊற வேண்டிய வேலை அது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் பதனிடுதலை முயன்று பார்த்த பிறகு மெல்லப் பரவிய புதிய முறை, வாரங்களை மணிக்கணக்காகச் சுருக்கியது. மரப் பீப்பாய் போன்ற பெரிய டிரம்மில் கார குரோமியம் சல்பேட்டோடு சுழன்று வெளியே வரும் ஈரத்தோல் வெளிர்நீலமாக இருப்பதால் தொழிலில் அதை 'வெட் புளூ' என்கிறார்கள். அந்த நீலம் குரோமியம்-3. வழக்கமான முறையில் போட்ட குரோமியத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைத்தான் தோல் பிடித்துக்கொள்கிறது; மிச்சம் கழிவுநீருக்கும், அங்கிருந்து சகதிக்கும் போகிறது. மாமாவின் நிலத்தில் கொட்டப்பட்டது அந்தச் சகதி.

ராணிப்பேட்டையின் குரோமேட் குவியல் வேறு கதை. குரோமியம் சல்பேட்டும் டைகுரோமேட்டும் தயாரித்து 1990களின் நடுவில் மூடப்பட்ட ஒரு தொழிற்சாலை வளாகத்தில் ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவு திறந்த வெளியில் விடப்பட்டது. குரோமைட் தாதுவைச் சோடா உப்போடு 1,100 டிகிரி செல்சியஸ் அளவிலான வெப்பத்தில் வறுத்து, கரையும் குரோமேட்டை நீரால் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் சக்கை இது. அதில் குரோமியம்-6 நேரடியாகவே இருக்கிறது. மழை பெய்தால் மஞ்சள் நீராக வெளியேறுகிறது. 2006ஆம் ஆண்டு பிளாக்ஸ்மித் என்ற அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பு வெளியிட்ட, உலகின் மிக மாசடைந்த பத்து இடங்களின் பட்டியலில் ராணிப்பேட்டை இடம்பெற்றதற்கு இது முக்கியக் காரணம். தோல் ஆலைக் கழிவு பற்றி, வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு வழங்கிய தீர்ப்பு, தோல் ஆலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் வேளாண் நிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ பயிருக்கு உதவாமல் போனதைப் பதிவு செய்தது. முன்னெச்சரிக்கைக் கோட்பாடும், மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கோட்பாடும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று உறுதிப்படுத்திய அந்தத் தீர்ப்பு, எங்கள் ஊர்க் கிணறுகளிலிருந்து பிறந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும்.

குவியலின் ஆபத்து கண்ணுக்கே தெரிகிறது. சகதி போட்ட நிலத்தின் ஆபத்து அப்படித் தெரிவதில்லை. அது மண்ணில் எந்தக் கனிமங்கள் இருக்கின்றன என்பதைப் பொறுத்தது. நான் மாமாவிடம் சொன்ன பதில் தவறு என்று 1979ஆம் ஆண்டிலேயே நிறுவப்பட்டிருந்தது. அமெரிக்காவின் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் ரிச்மண்ட் பார்ட்லெட் என்ற மண்ணியல் அறிஞரும் அவருடன் பணியாற்றிய புரூஸ் ஜேம்ஸும், மண்ணில் சேர்த்த குரோமியம்-3 தானாகவே குரோமியம்-6 ஆக மாறுவதைக் காட்டினார்கள். அதற்கு முன்பும் பலர் இதைச் சோதித்து, மாற்றம் நிகழவில்லை என்றே முடிவு கட்டியிருந்தார்கள். வேறுபாடு எங்கே வந்தது என்பதில்தான் அந்த ஆய்வின் அழகு இருக்கிறது. முந்தையவர்கள் ஆய்வக வழக்கப்படி மண்ணை உலர்த்தி, இடித்து, சலித்து, புட்டியில் அடைத்து வைத்துப் பிறகு சோதித்தார்கள். இவர்கள் வயலிலிருந்து வந்த ஈரத்தோடு அப்படியே சோதித்தார்கள். உலரும்போது மாங்கனீசு ஆக்சைடின் மேற்பரப்பு மாறி அதன் வினைத்திறன் குன்றிவிடுகிறது. உலர்ந்த மண் அமைதியாக இருப்பதைப் பார்த்துவிட்டு, உயிருள்ள மண்ணும் அமைதியாகவே இருக்கும் என்று ஓர் அறிவுத்துறை முழுவதும் நம்பியிருந்தது. கற்பித்த காலம் முழுவதும் மாணவர்களிடம் மண்ணை வெயிலில் உலர்த்திச் சலித்து எடுத்துவரச் சொன்னவன் நான் என்பதால், இதைப் படித்த இரவு எனக்குச் சரியாக உறக்கம் வரவில்லை.

காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன்தானே, அதுவே குரோமியத்தை மாற்றிவிடாதா என்று கேட்கலாம். சாதாரண வெப்பநிலையில் ஆக்சிஜன் அந்த வேலையைக் கணக்கில் கொள்ளத் தேவையில்லாத அளவு மெதுவாகவே செய்யும். மண்ணில் அதை விரைந்து செய்யக்கூடிய பரவலான பொருள் மாங்கனீசு ஆக்சைடுதான். குரோமியம்-3 அணு ஒன்று மூன்று எலக்ட்ரான்களைக் கொடுக்க வேண்டும். மாங்கனீசு டைஆக்சைடு அலகு ஒன்று இரண்டை வாங்கும். ஆகவே இரண்டு குரோமியத்துக்கு மூன்று மாங்கனீசு என்ற கணக்கில் வினை முடிகிறது. பேட்டரிப் பொடியைப் போன்ற கெட்டியான பைரோலுசைட் என்ற கனிமமும் இதைச் செய்யும். ஆனால் மண்ணில் மிகவும் வினைத்திறன் கொண்டது, ஸ்காட்லாந்தின் பிர்னஸ் என்ற ஊரின் பெயரால் 1956ஆம் ஆண்டு பெயரிடப்பட்ட பிர்னஸ்ஸைட். சீட்டுக்கட்டைப்போல் மெல்லிய தாள்கள் அடுக்கடுக்காக அமைந்த கனிமம் அது. அந்தத் தாள்களில் ஆங்காங்கே அணு இல்லாத காலியிடங்கள் இருப்பதால் அதன் பரப்பு எதிர்மின்னேற்றம் கொண்டிருக்கிறது. நேர்மின் அயனியான குரோமியம்-3 அங்கே ஈர்க்கப்பட்டு ஒட்டுகிறது, எலக்ட்ரான்களை இழக்கிறது, எதிர்மின் குரோமேட்டாக மாறுகிறது, மாறிய கணமே அதே பரப்பு அதைத் தள்ளிவிடுகிறது. வந்து ஒட்டுவதற்கும் விலகிப் போவதற்கும் ஒரே பரப்பு இடம் தருகிறது.

வினையில் கரைந்து வெளியேறும் மாங்கனீசு வீணாவதும் இல்லை. மண்ணில் வாழும் சூடோமோனாஸ், லெப்டோத்ரிக்ஸ் போன்ற பாக்டீரியாக்களில் சில வகைகள், அந்தக் கரைந்த மாங்கனீசைக் காற்றின் ஆக்சிஜனைக் கொண்டு மறுபடியும் கரிய ஆக்சைடாக மாற்றுகின்றன. அவை உண்டாக்கும் ஆக்சைடும் பிர்னஸ்ஸைட்டைப் போன்ற அடுக்குகள் கொண்டதே. எனவே காற்றால் நேராகச் செய்ய முடியாததை, மாங்கனீசு இடையில் நின்று கைமாற்றிச் செய்துகொடுக்கிறது. சராசரி மண்ணில் மாங்கனீசின் அளவு ஆயிரத்தில் ஒரு பங்கு கூட இருக்காது, இரும்போ நூற்றில் சில பங்கு இருக்கும். ஆனாலும் மீண்டும் மீண்டும் புதுப்பிக்கப்படுவதால் அந்தச் சிறு அளவு போதுமானதாகிவிடுகிறது.

இதைச் சொன்னவுடன், சகதி போட்ட நிலம் எல்லாம் நஞ்சாகிவிட்டது என்று யாரும் அஞ்ச வேண்டியதில்லை. அஞ்ச வைப்பது என் நோக்கமும் அல்ல. சகதியிலுள்ள குரோமியத்தின் பெரும்பகுதி கரையாத ஹைட்ராக்சைடாக இருக்கிறது. கரையாத பொருள் நடந்துபோய் மாங்கனீசைத் தொட முடியாது. தொட்டாலும், மண் மிகுந்த அமிலமாக இல்லாவிட்டால் குரோமியம் அந்தக் கரும்பரப்பின்மேலேயே வீழ்படிந்து, அதை மூடிப் போர்த்தி, வினையை நிறுத்திவிடுவதும் உண்டு. மக்கிய எருவும் வேர்களும் தரும் கரிமப் பொருள்களில் பல, உருவான குரோமியம்-6ஐத் திரும்பவும் குரோமியம்-3 ஆக்கிவிடும். ஆனால் அதே கரிமப் பொருள்களில் சிட்ரிக் அமிலம் போன்ற சில, குரோமியம்-3ஐக் கவ்விக் கரைய வைத்து மாங்கனீசிடம் கொண்டுபோய்ச் சேர்க்கவும் செய்யும். மொத்தத்தில் மாறுவது பெரும்பாலும் சிறு பங்குதான். இருப்பினும் கிலோவுக்கு ஆயிரக்கணக்கான மில்லிகிராம் குரோமியம் சேர்ந்த மண்ணில் சிறு பங்கு என்பதும், லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் என்ற குடிநீர் வரம்பும் ஒன்றுக்கொன்று எவ்வளவு தொலைவில் இருக்கின்றன என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால், அந்த ஒற்றை வரி அறிக்கை எத்தகைய அலட்சியம் என்பது விளங்கும்.

பார்ட்லெட் விட்டுச்சென்ற சோதனை மிக எளியது; பள்ளி ஆய்வகத்திலேயே செய்யலாம். உலர்த்தாத ஈரமண் 2.5 கிராம் எடுத்து, நீர்த்த குரோமியம் குளோரைடு கரைசல் 25 மில்லிலிட்டரில் போட்டு, பதினைந்து நிமிடம் குலுக்கி வடிகட்ட வேண்டும். வடிநீரில் டைஃபினைல்கார்பசைடு என்ற நிறங்காட்டியை அமிலத்தோடு சேர்த்தால், குரோமியம்-6 உருவாகியிருக்கும் பட்சத்தில் செவ்வூதா நிறம் தோன்றும். ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் நால்வரோடு மாமாவின் நிலத்து மண்ணை இரண்டாகப் பிரித்துச் செய்து பார்த்தேன். ஒரு பாதியைப் பழைய வழக்கப்படி மொட்டைமாடியில் உலர்த்திச் சலித்தோம். மறுபாதியைப் பிளாஸ்டிக் பையில் ஈரத்தோடு கட்டி ஐஸ் பெட்டியில் வைத்தோம். உலர்ந்த மண்ணின் வடிநீரில் நிறம் மிக மங்கலாக இருந்தது. ஈரமண்ணின் வடிநீர், பீட்ரூட் சாறு கலந்த தண்ணீர்போல் ஆனது. ஒரே கிணற்றங்கரை, ஒரே மண்வெட்டி. மாணவி ஒருத்தி சோதனைக் குழாயை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சார், அப்போ அந்த ரிப்போர்ட் எந்த மண்ணுக்கு?" என்று கேட்டாள். கரும்பலகையில் எழுதி விளக்க எனக்கு எதுவும் இருக்கவில்லை. எங்கள் சோதனை அந்த மண்ணில் நஞ்சு இருப்பதாகக் காட்டவில்லை. நஞ்சை உண்டாக்கும் ஆற்றல் அந்த மண்ணுக்கு இருப்பதைக் காட்டியது. அறிக்கை கேட்காமல் விட்ட கேள்வியும் அதுதான்.

இனி இரும்பைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மண் ஒரு பக்கம் மட்டும் சாய்வதில்லை. நம் செம்மண்ணின் சிவப்பு ஹெமடைட். மஞ்சள் கலந்த பழுப்பு கோத்தைட். இரண்டும் இரும்பு ஆக்சைடுகள். மண்ணில் மாங்கனீசைவிடப் பன்மடங்கு மிகுதியானவை. மண் அமிலமாகவோ நடுநிலையாகவோ இருக்கும்போது இவற்றின் பரப்பு நேர்மின்னேற்றம் பெறுவதால், எதிர்மின் குரோமேட்டை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். களிமண் தள்ளிவிட்ட ஒன்றைச் செம்மண்ணின் துரு பிடித்து நிறுத்துகிறது என்பது பெரும் கொடை. ஆனால் இந்தப் பிடிக்கு நிபந்தனைகள் உண்டு. பி.எச். மதிப்பு எட்டு, ஒன்பதைத் தாண்டினால் பரப்பின் மின்னேற்றம் மாறிப் பிடி தளர்ந்துவிடும். பாஸ்பேட் உரமும், தோல் கழிவுநீரில் மிகுந்திருக்கும் சல்பேட்டும் அதே இடங்களுக்குப் போட்டியிட்டுக் குரோமேட்டை வெளியே தள்ளும். ராணிப்பேட்டைக் குவியலைப் போன்ற கழிவு காரத்தன்மை மிக்கது என்பதால், அதிலிருந்து வழியும் நீர் தன்னைப் பிடித்து நிறுத்தக்கூடிய இரும்பு ஆக்சைடுகளைச் செயலிழக்க வைத்துக்கொண்டே முன்னேறுகிறது. காரமும் நஞ்சும் ஒன்றாகப் பயணிப்பதுதான் குரோமேட் குவியல்களின் தனிக்கொடுமை.

பிடித்து வைப்பது ஒன்று, மாற்றிவிடுவது வேறொன்று. ஆற்று மணலில் காந்தத்தை இழுத்தால் மீசைபோல் ஒட்டிக்கொள்ளும் கரும்பொடியில் முதன்மையானது மேக்னடைட். ஹெமடைட்டிலும் கோத்தைட்டிலும் இரும்பு ஏற்கெனவே தன் எலக்ட்ரான்களை இழந்து ஓய்ந்த நிலையில் இருக்கிறது. மேக்னடைட்டில் மூன்றில் ஒரு பங்கு இரும்பு இன்னும் கொடுப்பதற்கு ஓர் எலக்ட்ரானை வைத்திருக்கிறது. அத்தகைய இரும்பு மூன்று சேர்ந்தால் ஒரு குரோமியம்-6ஐக் குரோமியம்-3 ஆக்கிவிடும். விளைவாக உருவாகும் இரும்பு-குரோமியக் கலப்பு ஹைட்ராக்சைடு, தனிக் குரோமிய ஹைட்ராக்சைடைவிடவும் குறைவாகக் கரையும். குறை என்னவென்றால், வினை நடக்க நடக்க அந்தப் புதிய படிவே மணியின் மேல் தோலாகப் படர்ந்து, உள்ளே இருக்கும் இரும்பை வெளியே வரவிடாமல் தடுத்துவிடுகிறது. மாங்கனீசுக்கும் இதே கதிதான் நேர்கிறது என்று முன்பே சொன்னேன். இரண்டு எதிர்த்தரப்புகளும் தங்கள் வேலையின் விளைவாலேயே மூடப்பட்டு நிற்பதை மண்ணில் பார்க்கும்போது, எந்தத் தரப்பையும் முழுதாக நம்பித் திட்டம் போட முடியாது என்பது தெரிகிறது.

நெல் வயலில் இந்த இழுபறி பருவந்தோறும் திசை மாறுகிறது. நாற்று நட்டுத் தண்ணீர் கட்டியவுடன் மண்ணில் ஆக்சிஜன் தீர்ந்துபோகும். நுண்ணுயிர்கள் அடுத்தபடியாக நைட்ரேட்டையும் மாங்கனீசு ஆக்சைடையும், பிறகு இரும்பு ஆக்சைடையும் மூச்சுக்குப் பயன்படுத்தத் தொடங்கும். கரும்புள்ளிகள் கரைந்து மறையும். எலக்ட்ரான் கொடுக்கக்கூடிய இரும்பு நீரில் பெருகும். அந்தச் சமயத்தில் வயலில் இருக்கும் குரோமியம்-6 பெரும்பாலும் அடங்கிவிடும். அறுவடைக்கு முன் தண்ணீரை வடித்து, வயல் காய்ந்து வெடிக்கும்போது காற்று உள்ளே நுழைகிறது, மாங்கனீசு மறுபடியும் கருத்துப் படிகிறது. புதிதாகப் படிந்த ஆக்சைடுதான் மிகவும் வினைத்திறன் மிக்கது. ஆகவே நெல் நிற்கும்போது எடுத்த மண் ஒரு விடையும், தை மாதம் எடுத்த மண் வேறொரு விடையும் சொல்லும். ஆண்டுக்கொருமுறை எந்தத் தேதியில் எடுத்தோம் என்று குறிக்காமல் எடுக்கப்படும் மாதிரிகளின் மேல் எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

மனிதக் கை படாமலேயே இந்த வினை நடக்கும் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். குரோமைட் என்பதே ஓர் ஆக்சைடுக் கனிமம். இரும்பும் குரோமியம்-3உம் ஆக்சிஜனோடு இறுகப் பின்னிய, எளிதில் சிதையாத கனிமம். 2007ஆம் ஆண்டு கிறிஸ்டோபர் ஓஸ், டென்னிஸ் பேர்ட், ஸ்காட் ஃபென்டார்ஃப் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், அந்த உறுதியான குரோமைட்டையும் பிர்னஸ்ஸைட்டையும் நீரில் ஒன்றாக வைத்தபோது, நூறு நாட்களுக்குள் குடிநீர் வரம்பை மீறும் அளவு குரோமியம்-6 உருவானது. குரோமியம் மிகுந்த செர்பென்டைன் பாறைகள் நிறைந்த நிலங்களில் தொழிற்சாலையே இல்லாத இடத்திலும் ஊற்றுநீரில் குரோமியம்-6 தென்படுவதற்கு இது விளக்கம் தருகிறது. இந்தியக் குரோமைட்டின் மிகப்பெரும் பங்கைக் கொண்டிருக்கும் ஒடிசாவின் சுகிந்தா பள்ளத்தாக்கில் நிலைமை இன்னும் கடுமையானது. இயற்கை மெல்ல, ஆழத்தில் செய்துகொண்டிருந்த வேலையை, சுரங்கம் தோண்டுவது பாறையை நொறுக்கிப் பரப்பைப் பெருக்கி, காற்றிலும் மழையிலும் குவித்து வைத்து விரைவுபடுத்துகிறது. அந்த நீர் தாம்சாலா ஓடை வழியாகப் பிராமணி ஆற்றுக்குப் போகிறது. 'இது இயற்கையாகவே இருப்பது' என்ற சொல்லைக் கேடயமாகப் பிடிப்பவர்கள், பாறை நொறுக்கப்பட்டதா இல்லையா என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

சீர்செய்யும் முயற்சிகளிலும் இதே கனிமங்கள்தான் வெற்றி தோல்வியை முடிவு செய்கின்றன. அமெரிக்காவின் வட கரோலினாவில் எலிசபெத் சிட்டி என்ற இடத்தில், முலாம் பூசும் கூடம் ஒன்றிலிருந்து கசிந்த குரோமேட் ஆற்றை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. 1996ஆம் ஆண்டு, அதன் பாதையில் 46 மீட்டர் நீளம், 7.3 மீட்டர் ஆழம், 0.6 மீட்டர் அகலத்தில் இரும்புத் துகள்களால் ஒரு நிலத்தடிச் சுவரை எழுப்பினார்கள். நிலத்தடி நீர் தானாகவே அதன் வழியாக ஊர்ந்து போக, குரோமியம்-6 இரும்பிடம் எலக்ட்ரான் பெற்று அங்கேயே தங்கிவிட்டது. நீரை இறைக்கவும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம் என்பதால் பல ஆண்டுகள் அது பேசாமல் வேலை செய்தது. கலிபோர்னியாவின் ஹிங்க்லியில் நிலத்துக்குள் எத்தனாலைச் செலுத்தி நுண்ணுயிர்களைக் கொண்டு குரோமியம்-6ஐக் குரோமியம்-3 ஆக ஒடுக்கியபோது, குரோமியம் குறைந்தது. ஆனால் கூடவே மண்ணின் மாங்கனீசு ஆக்சைடுகளும் கரைந்து நீரில் மாங்கனீசு கூடியது. கரைந்த அந்த மாங்கனீசு கீழ்நோக்கிப் போய், காற்று கிடைக்கும் இடத்தில் மறுபடி ஆக்சைடாகப் படியும் இயல்புடையது என்பதை நினைவில் வைத்தால், ஒடுக்கிய பிறகும் அந்த நிலத்தைக் கண்காணித்துக்கொண்டே இருக்க வேண்டியதன் தேவை விளங்கும். குரோமேட் குவியலுக்குள் பெரஸ் சல்பேட் என்ற இரும்பு உப்பைக் கொட்டினால் தீர்ந்துவிடும் என்று எளிதாகச் சொல்பவர்களையும் நான் சந்தித்திருக்கிறேன். மிகுந்த காரத்தில் அந்த இரும்பு குரோமேட்டைச் சந்திக்கும் முன்பே வீழ்படிந்துவிடும். சேர்க்கும் சல்பேட், சுண்ணாம்பும் அலுமினியமும் உள்ள சக்கையில் எட்ரிங்கைட் என்ற கனிமமாகப் பெருகி நிலத்தையே உப்ப வைக்கக்கூடும்.

என் வேண்டுகோள்கள் பெரியவை அல்ல. சகதி போட்ட நிலங்களின் மண்ணைச் சோதிக்கும்போது மொத்தக் குரோமியத்தோடு நிறுத்தாமல், அந்த மண்ணின் மாங்கனீசு ஆக்சைடு எவ்வளவு, ஈரநிலையில் குரோமியம்-3ஐக் குரோமியம்-6 ஆக்கும் அதன் ஆக்சிஜனேற்றும் ஆற்றல் எவ்வளவு என்பதையும் அளந்து எழுத வேண்டும். மாதிரியை உலர்த்தாமல், குளிரில் வைத்து, சில நாட்களுக்குள் சோதிக்க வேண்டும். எடுத்த தேதியையும், வயலில் அப்போது தண்ணீர் நின்றதா என்பதையும் எழுத வேண்டும். 'மூவிணைதிறன், ஆகவே ஆபத்தில்லை' என்ற வரியை எந்த அதிகாரியும் எந்த ஆய்வகமும் இதைச் செய்யாமல் எழுதக்கூடாது. தோல் துண்டுகளையும் சகதியையும் எரிப்பவர்கள், சுண்ணாம்பு கலந்த சாம்பலில் குரோமியம்-6 உருவாகும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும். தீ செய்வது மாங்கனீசு ஆண்டுக்கணக்கில் செய்வதைத்தான், ஒரே மாலையில்.

மாமா அந்த மண்ணைப் புரட்டவில்லை. சகதி விழுந்த கால் ஏக்கரில் உணவுப் பயிர் வைப்பதை நிறுத்தி, அந்த இடத்துக் கிணற்று நீரை மாட்டுக்கும் காட்டாமல், ஆண்டுக்கொருமுறை நன்கு மக்கிய தொழு எருவைப் பரப்பி ஆவாரஞ்செடி நட்டிருக்கிறார். ஒரு காலத்தில் தோல் பதனிடப் பட்டை உரித்த அதே செடி, இப்போது அங்கே பூத்து நிற்கிறது. மண்ணின் ஈரம் மாறும் ஒவ்வொரு பருவத்திலும் நான் போய் மாதிரி எடுக்கிறேன். செவ்வூதா நிறம் சில முறை மங்கியிருக்கிறது, சில முறை திரும்பியிருக்கிறது, குறிப்பேட்டில் தேதியோடு எழுதி வைத்திருக்கிறேன். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து நிலம் காலுக்குப் பிடிகொடுக்கும் நாளில் அடுத்த மாதிரி. மாமாவுக்கு எண்பத்தொரு வயது ஆகிறது. நேற்று தொலைபேசியில், "ஐஸ் பெட்டிய கழுவி வெச்சுட்டேன் மாப்ளே, மண்ணு காயறதுக்குள்ள வந்து சேரு" என்றார்.